ஆணியில் தொங்கும் பெயர்

இந்த மாதிரிக் கட்டுரைகளை ரிட்டயர் ஆனவர்கள்தான் எழுதுவார்கள். நரைத்த தலை, தோளில் ஒரு பொன்னாடை, "என் நீண்ட கால அனுபவத்தில்" என்று ஒரு தொடக்கம். எனக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. ஆனால் பார்மசி முடித்து இந்த வருடம் மெடிக்கல் ஷாப் கவுண்டருக்குப் போகிற உங்களுக்காக ஏதாவது எழுதித் தரச் சொல்லி நான் படித்த கல்லூரியில் கேட்டார்கள். "நாலு நல்ல வார்த்தை எழுதும்மா, மோட்டிவேஷனா இருக்கட்டும்" என்றார்கள். மோட்டிவேஷன் என்று யாராவது சொன்னாலே எனக்குப் பல் கூசும். ஏன் என்று படித்துக்கொண்டே வந்தால் தெரியும். வயதான பிறகு எழுதினால் கோபம் ஆறிப்போயிருக்கும். அதற்குள் எழுதிவிடுகிறேன்.

எந்த மருந்து எந்தத் தட்டில், பில் எப்படிப் போடுவது, எக்ஸ்பைரி எப்படிப் பார்ப்பது எல்லாம் கொஞ்ச நாளில் கைக்குத் தானாக வந்துவிடும். அதை நான் எழுதப்போவதில்லை. கவுண்டரில் நிற்கும்போது உங்கள் தொண்டையிலிருந்து எவ்வளவு சத்தம் வருகிறது என்பதைப் பற்றி யாரும் உங்களுக்குப் பாடம் எடுத்திருக்க மாட்டார்கள். அங்கிருந்து தொடங்குகிறேன்.

நான் முதலில் வேலை பார்த்தது திண்டிவனம் பஸ் ஸ்டாண்டை ஒட்டிய ஒரு கடை. உள்ளே நுழைந்ததும் எதிர்ச் சுவரில் என் பார்மசிஸ்ட் சர்டிபிகேட் கண்ணாடி பிரேம் போட்டுத் தொங்கும். எஸ்தர் என்று என் பெயர் நடுவில். அது அந்த ஆணியில் தொங்கினால்தான் கடைக்கு லைசென்ஸ். முதலாளி மாலையில் வந்து கல்லாவைப் பார்த்துவிட்டுப் போவார். பகல் முழுக்க கவுண்டரில் நானும் ஏழுமலை அண்ணனும். அண்ணன் என் பள்ளிக்கூட நாட்களிலிருந்தே அந்தக் கடையில் விற்பனையில் இருப்பவர். வருகிறவர்கள் எல்லோரையும் மாமா, மச்சான், ஆயா என்று உறவு வைத்துக் கூப்பிடுவார். சிரிக்காமல் யாரும் அந்தக் கடையை விட்டுப் போனதில்லை.

நாப்கின் கேட்டு ஒரு பெண் வந்தால் அண்ணன் குரல் அப்படியே இறங்கிவிடும். குனிந்து எடுப்பார். பழைய பேப்பரில் சுற்றுவார். அதைக் கறுப்பு கவருக்குள் போட்டு முடிச்சுப் போடுவார். கஞ்சா கைமாறுகிற மாதிரி இருக்கும். அதே அண்ணன், மனச்சோர்வுக்கு எழுதின சீட்டு ஒன்று வந்தால், கடைக் கோடிவரை கேட்கக் கத்துவார்:

"பாப்பா, அந்த மெண்டல் தட்டுல ஒரு அட்டை எடு!"

எங்கள் கடையில் தட்டுகளுக்குப் பெயர் இருந்தது. சுகர் தட்டு, பிரஷர் தட்டு, கேஸ் தட்டு, மெண்டல் தட்டு. வரிசையில் நிற்கிறவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். சீட்டைக் கொடுத்தவரின் கழுத்து மடங்குவதை நான் அந்தத் தட்டுக்குப் பக்கத்தில் நின்று தினமும் பார்த்தேன். "மெதுவா சொல்லுங்கண்ணா" என்றால், "மெதுவா சொன்னா உனக்குக் காது கேக்கல பாப்பா, இன்னா பண்ண சொல்ற?" என்பார். வரிசை சிரிக்கும்.

பிறகு அந்தத் தட்டின் நோய் எனக்கே வந்தது.

எனக்குச் சோகம் வரவில்லை. இதைத்தான் யாருக்கும் விளங்க வைக்க முடியவில்லை. அழுதிருந்தால்கூட வீட்டில் நம்பியிருப்பார்கள். பல் தேய்க்கப் போய் பிரஷ்ஷில் பேஸ்ட்டை வைத்துவிட்டு அப்படியே நிற்பேன். அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று தெரியும், கை போகாது. தலைக்கு ஊற்றிக்கொள்வது ஒரு கல்யாணத்தை எடுத்து நடத்துகிற மாதிரி பெரிய வேலையாகத் தெரியும். கடையில் மட்டும் எப்படியோ எல்லாம் சரியாக நடந்தது. வீட்டுக்கு வந்தால் தோளிலிருந்து பையை எடுக்காமலே பாயில் விழுந்து கிடப்பேன்.

அம்மாவுக்கு ஆத்திரம். "கண்டவன் கொல்லையில மல்லாட்டச் செடி புடுங்கி, கேப்பைக் கூழு குடிச்சிக்கினு உன்னைப் படிக்க வெச்சேன். உனக்கு இன்னாடி கொறை? சோறு இல்லையா, துணி இல்லையா?" என்று கேட்டாள். எனக்கு ஒரு குறையும் இல்லை. அந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் அதுதான். அதைச் சொன்னதும் ஆத்திரம் இன்னும் ஏறியது. சித்திக்குச் சந்தேகமே இல்லை. "எவனோ இருக்கான்க்கா. போனைப் புடுங்கிப் பாரு." ஜெபக்கூட்டத்தில் தலையில் கை வைத்து ஜெபித்தார்கள். கையை எடுத்துவிட்டு, விசுவாசம் குறைவாக இருக்கிறது என்றார்கள். மாமன் மகன் ஒருவன் விடிந்தால் போதும், கழுகு பறக்கிற வீடியோ அனுப்புவான். பின்னால் ஒரு குரல் "உன்னால் முடியும்" என்று கர்ஜிக்கும். என்னால் எழுந்து ஒண்ணுக்குப் போக முடியவில்லை, இவன் கழுகு அனுப்புகிறான். ஏழுமலை அண்ணன் சுருக்கமாகச் சொன்னார்: "கண்ணாலம் பண்ணா சரியாப்பூடும் பாப்பா."

இவர்களில் ஒருத்தர்கூடக் கெட்டவர் இல்லை. அதனால் என் கோபம் குறையும் என்று நினைக்காதீர்கள். சுகர் ஏறின ஒருவரிடம் போய், "மனசைத் திடமா வெச்சிக்கோ, தானா எறங்கிடும்" என்று யாராவது சொல்லி நீங்கள் கேட்டிருக்கிறீர்களா? சுகர்காரருக்கு மாத்திரை தருகிற அதே கவுண்டரில் நின்றுகொண்டு, எனக்கு மட்டும் இந்தப் புத்திமதி.

ஒரு வார லீவு நாளில் விழுப்புரம் பஸ் ஏறி மனநல டாக்டரைப் பார்த்தேன். வீட்டில் சொல்லவில்லை. அவர் பேசினதைவிட நான் பேசினது அதிகம். சீட்டு எழுதிக் கொடுத்தார். அதை எடுத்துக்கொண்டு திண்டிவனம் வந்திருந்தால் என் கை எட்டுகிற தூரத்தில் அதே மாத்திரை. நான் விழுப்புரத்திலேயே முன்பின் தெரியாத ஒரு கடையில் போய் நின்றேன். கவுண்டரில் இருந்தவர் சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"யாருக்குங்க இது?"

"எங்க மாமாவுக்கு."

"மாமா சரக்கு போடுவாரா?"

"நெறைய."

எனக்கு மாமாவே கிடையாது. அம்மாவோடு பிறந்தது சித்தி மட்டும்தான். கழுகுப் பையனின் அப்பா ஊர் முறைக்குத்தான் மாமா, அவர் டீயைத் தவிர ஒன்றும் தொடாதவர். இல்லாத ஒரு மனுஷனுக்கு நோயையும் கொடுத்து, குடிப்பழக்கத்தையும் கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன். விக்கிரவாண்டி டோல்கேட்டில் பஸ் வரிசையில் நின்றபோது, மாத்திரைகளை அட்டையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிதுக்கி ஒரு வைட்டமின் டப்பாவில் போட்டுக்கொண்டேன். மருந்தை அட்டையிலிருந்து பிரிக்காதீங்க, பேரு தெரியாமப் போய்டும் என்று நாள் முழுக்க மற்றவர்களுக்குச் சொல்கிறவள் நான்.

அந்த மாத்திரை ராத்திரி போட்டு காலையில் சரியாகிற சாமான் இல்லை. உங்களுக்குத் தெரியும், படித்திருக்கிறீர்கள். வாரக்கணக்கில் ஒன்றும் நடக்காது. பிறகு ஒரு காலையில் டீ குடித்தேன், டீ மாதிரி இருந்தது. அவ்வளவுதான். பல் தேய்த்தேன், குளித்தேன், பஸ் பிடித்தேன். எனக்கு அது போதும் என்று இருந்தது.

இனி நான் சொல்ல வந்த விஷயம்.

ஒரு திங்கட்கிழமை காலை, கடையில் நல்ல கூட்டம். பெருமுக்கல் பக்கத்திலிருந்து ஒருவர் மனைவியோடு வந்தார். சொந்த நிலத்தில் நெல் போடுகிறவர், எங்கள் கடைக்குப் பழக்கமானவர்தான். மனைவி பெயர் அஞ்சலை. டாக்டர் எழுதின மனச்சோர்வு மாத்திரையை மாதாமாதம் எங்களிடம்தான் வாங்குவார்கள். முந்தின தடவை வந்தபோது அந்த அம்மா என்னிடம் பூ விலையெல்லாம் பேசியது. அன்றைக்கு முகத்தில் ஒன்றும் இல்லை. தலை வாரவில்லை. கடைக்கு வெளியே எங்கேயோ ஒரு இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது.

கணவர் பையிலிருந்து பிரிக்காத அட்டைகளை எடுத்து கவுண்டரில் போட்டார்.

"இத ரிட்டன் எடுத்துக்கம்மா. இனிமே வாணாம்."

பிரிக்காத அட்டையைத் திரும்ப எடுத்துக்கொள்வது எங்கள் கடை வழக்கம். அதனால்தான் கூட்டம் குறையாத கடை. ஏழுமலை அண்ணன் கையை நீட்டிவிட்டார். நான் அட்டைகள் மேல் கையை வைத்தேன்.

"எப்ப நிறுத்துனீங்க?"

"அது ஆச்சு, ரெண்டு மூணு வாரம். போன தடவையே உங்க அண்ணன்தான சொன்னாரு, இதெல்லாம் பழக்கமாய்டும், நல்லா ஆய்ட்டாங்கன்னா வுட்டுடுங்கன்னு. நல்லாதான் இருந்துச்சு. இப்ப மறுபடியும் படுத்துக்கினா எழுந்திரிக்க மாட்டேங்குது. நேத்து இன்னா சொல்லுதுன்னா, நான் இருந்து ஆருக்கு பிரயோஜனம்னு கேக்குது. கொழுப்பு. மந்திரிக்கக் கூட்டிக்கினு போறேன், மாத்திரையும் அதுவும் ஒத்துக்காதாம்."

இங்கே நிறுத்தி ஒன்று சொல்கிறேன். எங்கள் தொழிலில் மட்டும் நடக்கிற ஒரு தவறு இது. டாக்டர் நிறுத்தச் சொல்லாத மருந்தை, பில் போட்டு விற்கிற நாமே ஒரு வார்த்தையில் நிறுத்திவிடுவோம். அண்ணன் வியாபாரத்தைக்கூடப் பார்க்காமல், நல்லது என்று நினைத்துத்தான் சொன்னார். நன்றாக இருப்பதற்குக் காரணமே அந்த மாத்திரைதான் என்பது அவருக்குத் தோன்றவில்லை. சுகர் குறைந்த ஒருவரிடம் "இனிமே வாணாம்" என்று அவர் ஒரு நாளும் சொல்ல மாட்டார்.

"கொஞ்சம் உள்ள வாங்க, பேசலாம்" என்றேன் கணவரிடம்.

"இன்னாத்த பேசறது? எட்த்துக்கினு ஜல்தியா துட்ட குடும்மா, பஸ்ஸு போய்டும்."

"அவங்க நேத்து சொன்னது கொழுப்பு இல்லைங்க. அது நோவு பேசறது. இன்னைக்கே டாக்டர்கிட்ட கூட்டிக்கினு போங்க. அவர் சொல்ற மாதிரி திரும்ப ஆரம்பிக்கணும். அவங்கள தனியா வுடாதீங்க. இத நான் ரிட்டன் எடுக்க மாட்டேன்."

"வாங்கிக்க பாப்பா, இன்னாத்துக்கு பேஜாரு?" என்றார் ஏழுமலை அண்ணன்.

கணவருக்குக் கோபம் வந்துவிட்டது. வரிசையைத் திரும்பிப் பார்த்துப் பேசினார். "பாத்தியாய்யா? மருந்து விக்கணும்னு எப்படிப் பேசுது பாரு. கண்ணாலம்கூட ஆவல. இந்த மாத்திரைய பத்தி உனக்கு இன்னா தெரியும்?"

எனக்கு யோசிக்கக் கிடைத்த நேரம் மிகக் கொஞ்சம். புத்தகத்தில் இருக்கிறதைச் சொல்லலாம். புத்தகப் பேச்சு அவர் காதில் ஏறாது. முதலாளியைக் கூப்பிடலாம். அவர் வருவதற்குள் பஸ் வந்துவிடும், அஞ்சலை மந்திரிக்கிறவர் வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்கும். அட்டை என் கைக்குக் கீழே இருந்தது. அந்த அம்மா இன்னும் வெளியே பார்த்துக்கொண்டிருந்தது.

"எனக்குத் தெரியும்" என்றேன். "நானும் இதே மாத்திரைதான் சாப்பிடறேன். ஒரு வருஷத்துக்கு மேல ஆவுது."

பிரஷர் மாத்திரைக்குக் காத்திருந்த ஒரு பெரியவர் தன் சீட்டை மெதுவாக மடித்து சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அஞ்சலை முதல் முறையாக என்னைப் பார்த்தது.

"காலைல எழுந்திரிக்க முடியுதா உனக்கு?"

"இப்ப முடியுது. முன்னாடி முடியல."

"ஈரத்துணி போத்தின மாதிரி கெடக்குமா?"

"ஆமாம்மா. அப்படித்தான்."

அந்த அம்மா கவுண்டரில் இருந்த அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து முந்தானையில் வைத்து முடிந்துகொண்டது. கணவரிடம், "எனக்கு டாக்டராண்ட போவணும்" என்றது. கெஞ்சல் இல்லை. அவர் வரிசையைப் பார்த்தார், பையை எடுத்துக்கொண்டார். இரண்டு பேரும் ஆஸ்பத்திரி பக்கமாக நடந்தார்கள். பஸ் ஸ்டாண்டு அதற்கு எதிர்ப்பக்கம்.

இதோடு முடிந்திருந்தால் கல்லூரி கேட்ட மாதிரி நல்ல மோட்டிவேஷன் கட்டுரையாக இருந்திருக்கும்.

அடுத்த நாள் அந்தப் பிரஷர் பெரியவர் வந்தார். நான் எடுத்துக் கொடுத்த மாத்திரையை ஏழுமலை அண்ணனிடம் நீட்டி, "இது சரிதானா பாருப்பா" என்றார். அண்ணன் பார்த்தார். "சரிதான் மாமா, இன்னைக்கு நல்லாதான் இருக்கு பாப்பா" என்றார். வரிசை சிரித்தது. அதற்கப்புறம் அது வழக்கமாகிவிட்டது. நான் கொடுப்பேன், அவர்கள் அண்ணனிடம் காட்டுவார்கள். இன்சுலின் வாங்க வருகிற ஒரு டீச்சர் அண்ணன் சாப்பிட்டு வரும்வரை காத்திருப்பார். நான் அந்தக் கடையில் ஒரு மருந்தைக்கூட மாற்றிக் கொடுத்ததில்லை. உடம்பு மோசமாக இருந்த அந்த மாதங்களிலும் இல்லை. ஏனென்றால் அப்போது ஒவ்வொன்றையும் இரண்டு தடவை பார்ப்பேன், எனக்கு என்மேல் அவ்வளவு பயம். மாத்திரை சாப்பிட்டுத் தேறி, முழுசாக ஆளாகி நின்றபோதுதான் என்மேல் மற்றவர்களுக்குச் சந்தேகம் வந்தது. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். வைத்தியம் செய்துகொள்ளாமல் நின்றவள் நம்பிக்கையானவள். செய்துகொண்டவள் ஆபத்தானவள்.

அந்த வாரமே முதலாளி என்னை உள்ளே கூப்பிட்டார். அவர் கத்துகிறவர் இல்லை. டீ வரவழைத்துக் கொடுத்தார்.

"எஸ்தர்ம்மா, எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா கஸ்டமர் பயப்படறாங்க. நாளைக்கு ஏதாவது மாத்திக் கீத்திக் குடுத்துட்டேன்னு வெச்சிக்க, யாரு பதில் சொல்றது?"

"இதுவரைக்கும் மாத்திக் குடுத்துருக்கேனா சார்?"

"இல்லம்மா, இல்ல. அதான் சொல்றேன், நல்ல பேரோட இருக்கும்போதே ரெஸ்ட் எடு. வீட்லயே இரு. கவுண்டர ஏழுமலை பாத்துக்குவான்."

"வேலைய வுட்டு நிறுத்தறீங்களா சார்?"

"சேச்சே! யாரு நிறுத்தறது? சர்டிபிகேட் அதுபாட்டுக்கு இருக்கட்டும்மா. மாசாமாசம் உனக்கு ஒரு தொகை வந்துடும். நீ கடைப்பக்கம் வரக்கூட வேணாம்."

எனக்கு இதைப் புரிந்துகொள்ளச் சற்று நேரம் ஆனது. டீயைக் கையில் வைத்துக்கொண்டே யோசித்தேன். ஒரு சுகர் மாத்திரையை எடுத்துக் கொடுக்க எனக்குப் புத்தி பத்தாது. ஆனால் இந்தக் கடையில் போகிற ஒவ்வொரு மருந்துக்கும் பொறுப்பு என்று என் பெயர் சுவரில் தொங்கலாம். நான்தான் ஆபத்து, என் பெயர் இல்லை.

டீயைக் கீழே வைத்தேன். குடிக்கவில்லை. முன்னால் வந்து, மேல்தட்டு மருந்து எடுக்கிற ஸ்டூலை இழுத்துச் சுவரோரம் போட்டு ஏறினேன். அந்த ஸ்டூலுக்கு ஒரு கால் குட்டை. ஆடியது.

"இன்னா பண்ற பாப்பா?" என்று ஓடி வந்தார் ஏழுமலை அண்ணன். முதலாளி பின்னாலேயே வந்தார். "எறங்கும்மா, எதுவா இருந்தாலும் உக்காந்து பேசலாம். அத கழட்டுனா நான் ஷட்டர இறக்கணும்மா. கூட்டம் நிக்குது பாரு. ஏழுமலை, எறக்குடா அவள!"

அண்ணன் என்னை இறக்கவில்லை. ஸ்டூலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "வுழுந்துடப் போற, பாத்து" என்றார். அவர் என் பக்கம் வந்துவிட்டார் என்றெல்லாம் நான் நினைக்கவில்லை. ஸ்டூல் ஆடியது, பிடித்தார். ஆனாலும் அதை நான் மறக்க மாட்டேன்.

பிரேமைக் கழற்றினேன். பின்னால் சுவர் வெளுப்பாக ஒரு கட்டம் தெரிந்தது. நான் வெளியே வந்து பஸ் ஸ்டாண்டுக்குள் நுழைவதற்கு முன்பே முதுகுக்குப் பின்னால் ஷட்டர் இறங்குகிற சத்தம் கேட்டது. என் வாழ்க்கையில் எனக்கு அவ்வளவு பிடித்த சத்தம் வேறு இல்லை.

இப்போது வளவனூரில் ஒரு கடையில் இருக்கிறேன். வேலை கேட்டுப் போனபோதே சொல்லிவிட்டேன்: எனக்கு இந்த நோய் இருக்கிறது, இந்த மாத்திரை சாப்பிடுகிறேன், என் சர்டிபிகேட்டும் நானும் சேர்ந்துதான் வருவோம். அதற்கு முன்னால் சொன்ன இடங்களில் "போன் பண்றோம்மா" என்றார்கள். பண்ணவில்லை. இந்தக் கடை முதலாளியம்மா, "லேட்டா வருவியா?" என்று மட்டும் கேட்டார். சில நாள் வருவேன் என்றேன். சில நாள் வருகிறேன். போன மழையில் மறுபடியும் அந்த ஈரத்துணி என்மேல் விழுந்தது. டாக்டர் அளவை மாற்றினார். விலகியது. இதை "வென்றேன்" என்று நான் எழுத மாட்டேன். பிரஷர்காரர் பிரஷரை வென்றேன் என்று எழுதுகிறாரா?

இந்தக் கடையில் கூட வேலை பார்க்கிற பெண்ணிடம் அந்தத் தட்டைப் பற்றிச் சொன்னேன். நல்ல மனசு அவளுக்கு. "அப்படின்னா இந்த அட்டையெல்லாம் பேப்பர்ல சுத்திக் குடுக்கலாமாக்கா?" என்றாள். எனக்குச் சுருக்கென்று வந்தது. வேண்டாம். கத்தவும் வேண்டாம், சுற்றவும் வேண்டாம். ஜுர மாத்திரையை எப்படித் தருவாயோ அப்படித் தா. காலையிலா ராத்திரியா, சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா என்று சொல்லு. டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீங்க என்று சொல்லு. முகத்தைப் பார்த்துச் சொல்லு. நாப்கினையும் இனிமேல் சுற்றாதே என்றேன். இப்போது சுற்றுவதில்லை.

சில நாள் முன்பு ஏழுமலை அண்ணன் போன் செய்தார்.

"பாப்பா, அந்தப் பெருமுக்கல் அம்மா வந்துச்சு. தனியா வந்துச்சு, பஸ்ஸேறி. அந்த மாத்திர சாப்பிடற பொண்ணு எங்கன்னு கேட்டுச்சு. வேற கடைக்குப் போயிடுச்சின்னேன். ஒரு மாசத்துக்கு முழுசா வாங்கிக்கினு போச்சு. நான் கத்தல பாப்பா. நானே போயி எட்த்தாந்து குடுத்தேன்."

"எப்படி இருக்காங்கண்ணா?"

"தல வாரி பூ வெச்சிக்கினு இருந்துச்சு. வேற இன்னா தெரியும் எனக்கு."

பேச்சை மாற்றுவதற்காக, கவுண்டரில் இப்போது யார் என்று கேட்டேன்.

"நான்தான். ஒண்டி ஆளு. புதுசா ஒரு சர்டிபிகேட் மாட்டிக்கீறாரு மொதலாளி, உன்து தொங்குன அதே ஆணியில. இந்த வருசம் படிச்சி முடிச்ச புள்ளையாம். ஆளு எப்படி இருக்கும்னு நான் பாத்ததே இல்ல."

இந்த வருடம் படித்து முடித்தது நீங்கள்தான். அந்த ஆணியில் தொங்குவது உங்களில் ஒருவருடைய பெயர். அதற்குக் கீழே ஆள் இல்லை. நாளைக்கு ஒரு கணவன் வந்து பிரிக்காத அட்டைகளைக் கவுண்டரில் போடும்போது அதன்மேல் கை வைக்க அங்கே யாரும் இருக்க மாட்டார்கள்.

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டை ஒட்டின கடை. ஸ்டூலுக்கு ஒரு கால் குட்டை, அண்ணன் பிடித்துக்கொள்வார். போய் உங்கள் பெயருக்குக் கீழே நில்லுங்கள். நிற்க விடவில்லை என்றால், கழற்றிக்கொண்டு வாருங்கள்.